வாசகர் கேள்வி பதில்: இணைய வணிகர்களின் மடற்குழு

இணையத்தில் தொழில் செய்வோர் தங்களுக்குள் மின்னஞ்சல் வழியாகக் கலந்துபேசும் மடற்குழுக்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஆறினை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அத்தகைய ஒரு குழுவுக்குப் பல ஆண்டுகள் மட்டுறுத்துநராக, அதாவது வரும் மடல்களைப் படித்து அனுமதிப்பவராக இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

நானும் என்னைப் போல் இணையத்தில் கடை நடத்தும் அறுபது பேரும் சேர்ந்து ஒரு மடற்குழு தொடங்கவிருக்கிறோம். ஒவ்வொரு மடலையும் படித்துப் பார்த்து அனுமதிப்பது நல்லதா, எல்லோரும் தடையின்றி எழுதும்படி விட்டுவிடலாமா? மட்டுறுத்தினால் உறுப்பினர்கள் மனம் புண்படுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
— கைவினைப் பொருட்கள் விற்கும் ஒரு வாசகி

தயங்காமல் மட்டுறுத்துங்கள். ஒரு மடலைப் படிக்க இரண்டு நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், நானூறு பேராக வளர்ந்துவிட்ட குழுவில் அந்த ஒரு மடல் 800 நிமிடங்களை, அதாவது பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. சரக்கைத் தாமே கட்டி, கணக்கைத் தாமே எழுதி, வாடிக்கையாளருக்குத் தாமே பதில் சொல்லும் மனிதர்களின் நேரம் அது. "நன்றி", "நானும் அப்படியே நினைக்கிறேன்" என்ற ஒற்றை வரி மடல்கள் நாளொன்றுக்குப் பத்து வரத் தொடங்கினால், குழுவில் யாருக்கு அனுபவம் மிகுதியோ அவர்கள்தான் முதலில் படிப்பதை நிறுத்துவார்கள். அவர்கள் சொல்லிக்கொண்டு விலகுவதில்லை. குழுவின் மடல்கள் தாமாக ஒரு தனி அடைவுக்குப் போய் விழும்படி வடிகட்டி அமைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் குழு பெரிதாகத் தெரியும்; கேள்வி கேட்டால் பதில் வராது.

மடற்குழுவின் வரலாறு இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பின் காலத்துக்குப் போகிறது. 1975இல் அங்கே தொடங்கிய எம்எஸ்ஜிகுரூப் என்ற குழுவுக்கு ஒரு மனிதர் கையாலேயே உறுப்பினர் பட்டியலைப் பராமரித்தார். 1986இல் எரிக் தாமஸ் எழுதிய லிஸ்ட்சர்வ் மென்பொருள் சேர்வதையும் விலகுவதையும் இயந்திரத்திடம் ஒப்படைத்தது. அதன்பின் வந்த மென்பொருள்கள் எத்தனையோ வேலைகளைக் குறைத்துவிட்டன. ஆனால் ஒரு மடல் நானூறு பேரின் முன்னால் போகத் தகுந்ததா என்ற முடிவு மட்டும் இன்றும் ஒரு மனிதரின் மேசையில்தான் இருக்கிறது.

நடைமுறையில் நான் பின்பற்றிய வழி இது. புதிதாகச் சேர்ந்தவரின் முதல் மூன்று மடல்களை நானே படித்து அனுமதிப்பேன். அவர் குழுவின் போக்கைப் புரிந்துகொண்டார் என்று தெரிந்ததும் அவர் பெயருக்கு எதிரே உள்ள தடையை நீக்கிவிடுவேன். காத்திருக்கும் மடல்களைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று நேரம் வகுத்துக்கொண்டு பார்ப்பேன். அந்த நேரங்களை வரவேற்பு மடலிலேயே எழுதிவிடுவேன். மடல் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் தவிப்பதுதான் உறுப்பினர்களைப் பெரும்பாலும் எரிச்சலூட்டுகிறது; மாலை ஆறு மணிக்குப் பார்க்கப்படும் என்று தெரிந்தால் பொறுமையாக இருக்கிறார்கள்.

மனம் புண்படுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மடலை நிறுத்திவைப்பதால் வரும் மனத்தாங்கல் குறைவு. ஏன் நிறுத்தினோம் என்று எழுதாமல் விடுவதால் வருவதுதான் அதிகம். மென்பொருள் அனுப்பும் "உங்கள் மடல் நிராகரிக்கப்பட்டது" என்ற வறண்ட அறிவிப்பை நான் ஒருபோதும் அப்படியே போகவிட்டதில்லை. ஒரு பெண்மணி ஒருமுறை இவ்வளவுதான் எழுதியிருந்தார்: "என் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள், வாங்குவதில்லை. என்ன செய்யலாம்?" அதை அனுமதித்திருந்தால் ஆளுக்கொன்றாக ஊகங்கள் வந்து குவிந்திருக்கும். நான் அவருக்குத் தனிமடல் எழுதினேன்: "நல்ல கேள்வி, பலருக்கும் உதவும். வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், எந்தப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள், அனுப்பும் கட்டணத்தை எந்தப் பக்கத்தில் முதன்முதலாகக் காட்டுகிறீர்கள் என்ற மூன்றையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். வந்த உடனே வெளியிடுகிறேன்." இரண்டு நாள் கழித்து அவர் எழுதிய மடலில், ஏறத்தாழ எல்லோரும் பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில்தான் விலகுகிறார்கள் என்றும், அனுப்பும் கட்டணம் அங்கேதான் முதன்முதலாகக் கண்ணில் படுகிறது என்றும் அவரே கண்டுபிடித்து எழுதியிருந்தார். அந்த இழை, அதாவது அந்தக் கேள்வியைத் தொடர்ந்த மடல்களின் வரிசை, ஒரு வாரம் ஓடியது. அதில் எழுதிய ஒவ்வொருவரும் தம் கடையின் கடைசிப் பக்கத்தை ஒரு வாடிக்கையாளராகத் திறந்து பார்த்துவிட்டு வந்து எழுதினார்கள். அந்தப் பெண்மணி பின்னாளில் குழுவின் துணை மட்டுறுத்துநர்களில் ஒருவரானார்.

எல்லோர் கையிலும் வாட்ஸ்அப் இருக்கும்போது மின்னஞ்சல் குழு தேவைதானா?
— ஒரு வாசகர்

அவசரத்துக்கு வாட்ஸ்அப் போதும். ஆனால் ஒரு தொழில் முடிவைப் பற்றி முந்நூறு சொற்களில் யோசித்து எழுதவும், மூன்று நாள் கழித்துப் படிப்பவரும் அதே இழையில் பதில் சொல்லவும், இரண்டு ஆண்டு கழித்துச் சேர்ந்தவர் பழைய விவாதத்தைத் தேடி எடுக்கவும் மின்னஞ்சலே ஏற்றது. ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன்: மடல்களின் முழுப் படியையும் உங்கள் கைவசம் வைத்திருங்கள். மடற்குழுக்களுக்கு இடம் தந்த யாஹூ குரூப்ஸ் 2019 இறுதியில் பழைய மடல்களின் சேமிப்பை நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் சேவையையே மூடியபோது, படியெடுத்து வைக்காத குழுக்கள் தங்கள் பல ஆண்டு உரையாடல்களை இழந்தன.

எங்கள் குழுவில் பாதி மடல்கள் மறைமுக விளம்பரங்களாக இருக்கின்றன. ஒருவர் சந்தேகம் கேட்டால், "இதற்கு எங்கள் நிறுவனத்திடம் தீர்வு இருக்கிறது" என்று மூவர் பதில் எழுதுகிறார்கள். விளம்பரத்தை முற்றிலும் தடைசெய்துவிடலாமா?
— மென்பொருள் சேவை வழங்கும் ஒரு வாசகர்

முற்றிலும் தடைசெய்தால் அது வேறு வேடத்தில் வரும். வணிகர்கள் தங்கள் தொழிலைச் சொல்லிக்கொள்ள விரும்புவது இயல்பு. அதற்கு ஓர் இடத்தைக் கொடுத்துவிட்டால் மற்ற இடங்கள் தூய்மையாக இருக்கும். அந்த இடம், மடலின் அடியில் இடும் கையொப்பம். இணையத்தில் எழுதுவோருக்கான நெறிமுறைகளைத் தொகுத்து 1995இல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற ஆவணம் கையொப்பம் நான்கு வரிக்கு மேல் போக வேண்டாம் என்று சொல்கிறது. இன்றுவரை அதைவிட நல்ல அளவை நான் கண்டதில்லை. பெயர், தொழில், அதை ஒரு வரியில் விளக்கும் சொற்கள், முகவரி என்று நான்கு வரியில் எல்லாம் அடங்கிவிடும். அதற்கு மேல் நீண்டால் நான் வெட்டிவிட்டு அனுமதிப்பேன். வெட்டியதை எழுதியவருக்கும் தெரிவிப்பேன்.

பதில் மடல்களுக்கு ஒரு சோதனை வைத்திருந்தேன். கையொப்பத்தை மறைத்துவிட்டுப் படித்தால் கேட்டவருக்கு அந்தப் பதிலால் பயன் உண்டா? உண்டென்றால் அது பதில். எழுதியவர் அந்தத் துறையில் விற்பவராகவே இருந்தாலும் போகட்டும். கையொப்பத்தை மறைத்தால் மடலில் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் அது விளம்பரம். அதைத் திருப்பி அனுப்பும்போது, "உங்களிடம் தீர்வு இருப்பது தெரிகிறது, அது எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒரு பகுதியை இங்கேயே விளக்குங்கள், மீதியைக் கேட்க அவரே உங்களைத் தேடி வருவார்" என்று எழுதுவேன். இப்படி எழுதத் தொடங்கியபின் மென்பொருள் விற்பவர்களின் பதில்களே குழுவின் மிகச் சிறந்த மடல்களாக மாறியதைக் கண்டிருக்கிறேன். புதிய பொருள், புதிய சேவை பற்றிய அறிவிப்புகளை வாரத்துக்கு ஒரே மடலாகத் தொகுத்து, தலைப்பிலேயே "அறிவிப்புகள்" என்று குறித்து அனுப்புங்கள். வேண்டாதவர்கள் திறக்காமல் விடலாம்.

உறுப்பினர் ஒருவர், தமக்குப் பணம் தராமல் இழுத்தடிக்கும் ஒரு நிறுவனத்தைப் பெயர் சொல்லி "மோசடிக் கும்பல்" என்று எழுதியிருக்கிறார். அனுமதிப்பதா, திருத்தி வெளியிடுவதா? மட்டுறுத்துவதால் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பாகிவிடுவேனா?
— பெயர் வெளியிட விரும்பாத மட்டுறுத்துநர்

இந்தக் கேள்வி நீதிமன்றங்களுக்கே தலைவலியாக இருந்திருக்கிறது. உறுப்பினர்கள் எழுதுவதைத் தணிக்கை செய்த காரணத்தாலேயே பிராடிஜி என்ற இணையச் சேவையைப் பதிப்பாளராகக் கருத வேண்டும் என்று 1995இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று சொன்னது. ஒழுங்குபடுத்த முயன்றவருக்கே தண்டனை என்ற இந்த நிலையை மாற்ற 1996இல் அமெரிக்கச் சட்டத்தில், பிறர் எழுதியதற்குச் சேவை நடத்துபவரைப் பதிப்பாளராகக் கருதக்கூடாது என்ற 230ஆம் பிரிவு வந்தது. 2003இல் அந்நாட்டின் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் நேரடியாக ஒரு மடற்குழுவின் வழக்கே வந்தது. தமக்கு வந்த ஒரு மடலைச் சிறு திருத்தங்களுடன் குழுவுக்கு அனுப்பியதால் மட்டும் மட்டுறுத்துநர் அதன் ஆசிரியர் ஆகிவிட மாட்டார் என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் அந்த மடல் வெளியிடுவதற்காகத்தான் அனுப்பப்பட்டது என்று அவர் நியாயமாக நம்பியிருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. இது ஒரு நாட்டின் சட்டம். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆகவே உங்கள் நாட்டுச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளியிடுவதற்காகத்தான் அனுப்பப்பட்டது என்று நம்பியிருக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனை என் நெஞ்சைச் சுட்டது. ஒருமுறை, தூக்கக் கலக்கத்தில் இரவு பதினொரு மணிக்குக் காத்திருந்த மடல்களின் வரிசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, ஓர் உறுப்பினர் மற்றொருவருக்குத் தனியாக எழுத நினைத்துத் தவறுதலாகக் குழு முகவரிக்கு அனுப்பிய மடலை அனுமதித்துவிட்டேன். அதில் அவருடைய கடன் நிலவரம் இருந்தது. முதல் இரண்டு வரிகளைப் படித்திருந்தாலே அது குழுவுக்கு எழுதியதில்லை என்று புரிந்திருக்கும். மின்னஞ்சலைத் திரும்பப் பெற வழியில்லை. மறுநாள் காலையில் தொலைபேசியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாகப் பேசினார், ஆனால் அதன்பின் அவர் குழுவில் எழுதவே இல்லை. அன்றிலிருந்து இரவில் நான் எந்த மடலையும் அனுமதித்ததில்லை.

உங்களிடம் உள்ள மடலுக்கு வருகிறேன். நீங்களே திருத்தாதீர்கள். எழுத்துப்பிழை, நீண்ட கையொப்பம், கீழே வால்போல் தொங்கும் பழைய மடல்களின் மேற்கோள் ஆகியவற்றை நீக்கலாம். ஒருவரின் கருத்தில் ஒரு சொல்லையும் அவருக்குத் தெரியாமல் மாற்றக்கூடாது. மடலை அவருக்கே திருப்பி அனுப்பி, நடந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: எந்த நாளில் என்ன வேலை முடித்துக் கொடுத்தார், எந்த நாளில் பணம் வர வேண்டியிருந்தது, எத்தனை முறை நினைவூட்டினார், என்ன பதில் வந்தது. "மோசடிக் கும்பல்" என்ற சொல் அவருடைய கோபத்தைத்தான் சொல்கிறது. மற்ற வணிகர்களுக்கு உதவுவது தேதிகளும் பதில்களும். ஆதாரம் கையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதன்பின்னும் மனம் ஒப்பவில்லையென்றால், நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, "பணம் தராமல் இழுத்தடிக்கும் நிறுவனத்திடம் எப்படி வசூலிப்பது?" என்ற கேள்வியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அவருக்கு உடனடியாகத் தேவைப்படுவதும் அந்தப் பதில்தானே.

ஒரே துறையில் விற்கும் சிலர், "இனி யாரும் பத்து விழுக்காட்டுக்கு மேல் தள்ளுபடி தர வேண்டாம்" என்று குழுவில் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். இதில் தவறுண்டா?
— ஒரு வாசகி

தவறு மட்டுமன்று, ஆபத்தும் உண்டு. போட்டியாளர்கள் கூடி விலையையோ தள்ளுபடியையோ முடிவுசெய்வதைப் பல நாடுகளின் போட்டிச் சட்டங்கள் கடுமையாகத் தடைசெய்கின்றன. பேசியவர்கள் மட்டும்தான் மாட்டுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். எடூராஸ் என்ற வழக்கில், லிதுவேனியாவின் பயண முகவர்கள் பலர் பயன்படுத்திய ஒரு முன்பதிவு அமைப்பு, தள்ளுபடியை 3 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்துவதாக அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, செய்தி அனுப்பப்பட்டது என்பது மட்டும் போதாது. ஆனால் அதை அறிந்திருந்தும் வெளிப்படையாக விலகிக்கொள்ளாத முகவர், அந்த ஏற்பாட்டில் பங்கேற்றதாகவே கருதப்படலாம். அமைதியாகப் படித்துக்கொண்டிருந்த உறுப்பினரையும் ஒரு மடல் சிக்கவைக்கக்கூடும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். அந்த இழையை இன்றே மூடுங்கள். குழு இத்தகைய பேச்சுக்கு இடம் தராது என்று எல்லோருக்கும் ஒரு மடல் எழுதுங்கள். விலையை எப்படிக் கணக்கிடுவது என்ற முறையைப் பேசலாம். யார் என்ன விலை வைக்கப்போகிறார்கள் என்பதைப் பேசக்கூடாது.

குழுவின் மடல்கள் சிலருக்கு ஸ்பேம் பெட்டியில் போய் விழுகின்றன. சிலரைக் குழுவே தானாக நீக்கிவிடுகிறது. தவிர, ஆறு ஆண்டுகளாக நான் ஒருவனே மட்டுறுத்துகிறேன். ஒரு வாரம் வெளியூர் போகக்கூட முடியவில்லை.
— களைத்துப்போன ஒரு மட்டுறுத்துநர்

முதலில் தொழில்நுட்பம். குழு மென்பொருள் பொருள்வரியில் குழுவின் பெயரையும் அடியில் ஒரு குறிப்பையும் சேர்க்கும்போது, அனுப்பியவரின் சேவையகம் இட்ட டிகேஐஎம் என்ற மின்முத்திரை உடைந்துபோகிறது. மடல் உங்கள் சேவையகத்திலிருந்து போவதால், அனுப்பியவரின் பெயரில் வந்த போலி மடல்போல் தோன்றுகிறது. 2014 ஏப்ரலில் யாஹூ, டிமார்க் என்ற விதியை இறுக்கி, முத்திரை பொருந்தாத மடல்களை நிராகரிக்கும்படி மற்றச் சேவைகளுக்கு அறிவித்தது. அதே மாதம் ஏஓஎல் நிறுவனமும் அதைப் பின்பற்றியது. அப்போது யாஹூ பயனர் ஒருவர் குழுவுக்கு எழுதினால், பிற சேவைகளில் இருந்த உறுப்பினர்களிடமிருந்து மடல் திரும்பி வந்தது. திரும்பி வருவதைக் கண்ட குழு மென்பொருள், ஒரு தவறும் செய்யாத அந்த உறுப்பினர்களை நீக்கியது. உங்கள் குழுவிலும் இதுவே நடக்கிறது என்று நினைக்கிறேன். அமைப்புகளில், அனுப்புநர் முகவரியை அத்தகைய மடல்களுக்குக் குழுவின் முகவரியாக மாற்றும் வசதி இருக்கும், அதை இயக்குங்கள். எழுதியவரின் பெயர் தெரியும்படியும், அவருக்குத் தனிமடல் எழுத வழி இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் பெருமளவில் மடல் அனுப்புவோருக்கு விதிகளைக் கடுமையாக்கியிருக்கின்றன. கூகுளின் கணக்கில், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் ஐயாயிரம் மடல் அனுப்புகிறவர் அந்த வகையில் சேர்ந்துவிடுவார். நானூறு ஜிமெயில் உறுப்பினர்களும் நாளுக்குப் பதின்மூன்று மடல்களும் இருந்தாலே 5,200 ஆகிவிடுகிறது. பெறுவோர் ஸ்பேம் என்று குறிக்கும் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது என்பது அவ்விதிகளில் ஒன்று. விலகும் வழி தெரியாதவர்தான் பெரும்பாலும் அந்தப் பொத்தானை அழுத்துகிறார். எனவே ஒரே சொடுக்கில் விலகும் இணைப்பைக் கண்ணில் படும்படி வையுங்கள். நாளின் மடல்களை ஒன்றாகக் கட்டி அனுப்பும் தொகுப்பு மடலை எல்லோருக்கும் பரிந்துரையுங்கள். பதின்மூன்று மடல் ஒன்றாகச் சுருங்கும்.

இனி உங்கள் களைப்பு. ஆறு ஆண்டு தனியாகச் சுமந்திருக்கிறீர்கள். வெளியூர் போக முடியவில்லை என்று நீங்கள் எழுதிய வரியை இரண்டு முறை படித்தேன். அதிகம் எழுதுகிறவர்களைத் துணைக்கு அழைக்காதீர்கள். பிறருடைய கேள்வியைக் கவனமாகப் படித்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் இருவரைத் தேடுங்கள். அப்படிப்பட்டவர்களின் பெயர் உங்களுக்கு இப்போதே நினைவுக்கு வந்திருக்கும். நீங்கள் நிராகரித்த மடல்களில் இருபதை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் எழுதிய தனிமடலையும் சேர்த்து அவர்களிடம் கொடுங்கள். விதிமுறைப் பக்கத்தைப் பத்து முறை படித்தாலும் புரியாதது அந்த இருபதைப் படித்தால் புரிந்துவிடும். ஒரு மாதம் மூவரும் சேர்ந்து வரிசையைப் பாருங்கள். ஐயமுள்ள மடலை இருவர் ஒப்பினால் அனுமதிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கிளம்புங்கள். உங்கள் மின்னஞ்சலில் "விடுப்பில் இருக்கிறேன்" என்ற தானியங்கிப் பதிலை இயக்குவதற்கு முன், அது குழு முகவரிக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும், அந்த வாரம் அவர்கள் எதையெல்லாம் அனுமதித்தார்கள் என்று ஆராய வேண்டாம். திருப்பி அனுப்பிய மடல்களுக்கு அவர்கள் எழுதிய பதில்களை மட்டும் எடுத்துப் படியுங்கள்.